இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்

ஜனவரி 13, திங்கள்

கப்பல் டிக்கெட் இன்றும் போடவில்லை. வாரத்தின் முதல் நாளில் எதையும் வாங்கக் கூடாதாம். "திங்கக்கிழமை ஏத்தி வெப்பாங்கம்மா. செவ்வாய் மதியத்துக்கு மேல தானா இறங்கும்" என்று அத்தான் போனில் சொன்னார். கப்பல் கம்பெனிக்காரன் காலையில் எழுந்ததும் இவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் விலை வைக்கிறான் போல.

அக்கா, அத்தான், நான், என் வீட்டுக்காரர். நாலு பேர். மே மாதம் ஒரு வாரம் கடலில். இவ்வளவுதான் சங்கதி. போகலாம் என்று முடிவு செய்தது நவம்பரில். அன்றைக்கே போட்டிருந்தால் இந்நேரம் பெட்டி எது எடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அதிலாவது ஒரு சுவாரசியம் இருந்திருக்கும்.

இவர் — என் வீட்டுக்காரர் — வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணனுக்குத் தெரியாததா" என்றார், அத்தானைத்தான். சொல்லிவிட்டுப் பின் அறைக்குப் போய்விட்டார். அங்கே பழைய ரேடியோக்கள் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. ரிடையர் ஆனதிலிருந்து அவற்றோடுதான் குடித்தனம்.

ஜனவரி 14, செவ்வாய்

மதியத்துக்கு மேல் பார்த்தேன். ஏறியிருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் அத்தானின் சொற்பொழிவு.

ஒரு கப்பலில் அறைகள் காலியாகப் போனால் கம்பெனிக்கு நஷ்டம், அதனால் கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவான், நாம் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும் — இதைச் சொல்ல அவருக்கு முக்கால் மணி நேரம். நடுவில் டேப்லட்டில் கோடு கோடாக ஒரு படம். மலை மாதிரி ஏறுகிறது, பள்ளத்தில் விழுகிறது. "இங்க பாரும்மா, இதான் நம்ம நுழையவேண்டிய இடம்" என்று ஒரு பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பள்ளம் போன வருஷத்தது.

"போன வருஷக் கப்பல்ல இந்த வருஷம் ஏற முடியுமா அத்தான்?" என்றேன்.

அக்கா பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் எழுந்து போனாள். நான் விடவில்லை. இதே மனிதர்தான் ஏ.சி. விலை இறங்கட்டும் என்று இரண்டு கோடைக்காலம் முழுக்க ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அதைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடி மாற்றத் தள்ளுபடிக்குக் காத்திருந்து ஒரு காலால் நின்ற கண்ணாடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியதைச் சொன்னேன். அத்தான் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ரோஷமே கிடையாது. திட்டினால் கொஞ்சமாவது சுருங்க வேண்டாமா?

இவர் பாதியிலேயே எழுந்து, "கார் டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு, பாத்துட்டு வரேன்" என்று கீழே போய்விட்டார். தட்டில் பாதி சாப்பாடு அப்படியே இருந்தது. டயருக்கு ஒன்றுமில்லை, நான் வரும்போது பார்த்தேன்.

ஜனவரி 30, வியாழன்

பல் லேபில் நாள் முழுக்க ஒரே வாய். மேல் வரிசையும் இல்லை, கீழ் வரிசையும் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்பிய அச்சு கோணல். ஆள் கொட்டாவி விடும்போது எடுத்தார் போலிருக்கிறது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்று குறிப்பு வேறு. அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள இது என்ன பஸ் சீட்டா? அந்த மனுஷன் நாளைக்கு இந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு முறுக்காகப் பேசப் போகிறான், ஒவ்வொரு வார்த்தைக்கும் விசில் வரும்.

பல் செட் செய்தே என் வயசு போய்விட்டது. லேப் தரைக்குக் கீழே, ஒரு சன்னல் கிடையாது. போன மாதம் கண் டாக்டர், "தினமும் கொஞ்ச நேரம் தூரத்துல இருக்கறத பாருங்க" என்றார். என் தூரம் எதிர்ச் சுவர். அதில் போன வருஷக் காலண்டர். மார்ச் முடிந்ததும் வேலையை விடுகிறேன். அதற்குப் பிறகு எதுவுமே பக்கத்தில் இல்லாத ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கப்பல். வேறு எந்த மண்ணாங்கட்டி ஆசையும் இல்லை.

அதனால்தான் உள் அறை வேண்டாம் என்கிறேன். கப்பலில் உள் அறைதான் மலிவு. சன்னல் கிடையாது. இத்தனை வருஷம் சன்னல் இல்லாத அறையில் உட்காரச் சம்பளம் வாங்கினேன், இனி அதற்கு நான் காசு கொடுக்கணுமா?

பிப்ரவரி 2, ஞாயிறு

இறங்கியது!

காலையில் பல் விளக்கும்போதே பார்த்தேன். பால்கனி அறை, நவம்பரில் பார்த்ததைவிடக் குறைவு. வாயில் நுரையோடு அத்தானுக்குப் போன் போட்டேன். இறங்குகிறது என்றால் இன்னும் இறங்கப் போகிறது என்று அர்த்தமாம். ஏறினால் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இறங்கும். இறங்கினால் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்னும் இறங்கும். இந்தக் கணக்குப்படி மனிதன் டிக்கெட் வாங்குகிற நாள் பஞ்சாங்கத்திலேயே கிடையாது.

இவரிடம் கேட்டேன். "அண்ணன் சொல்றதும் சரிதான். இன்னும் கொஞ்சம் இறங்கட்டுமே" என்றார். எப்போதும் மேலே கீழே பார்த்துப் பேசுகிறவர், இதை மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கம்பெனியின் பக்கத்தில் சிவப்பு எழுத்து மினுக்குகிறது — "இந்த அறையை இப்போது பதினான்கு பேர் பார்க்கிறார்கள்." அதில் இரண்டு பேர் நானும் அத்தானும். மீதிப் பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டு அத்தான்களாகத்தான் இருக்க வேண்டும். ஒருத்தனும் வாங்க மாட்டான்.

பிப்ரவரி 3, திங்கள்

ஏறிவிட்டது. பழைய விலைக்கும் மேலே. அத்தான் சொன்னது: "இது சும்மா பயமுறுத்தறதும்மா."

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலை முடிந்து டிராவல்ஸ் ஆபீஸுக்கே போனேன். கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் செடி, மேஜையில் கையளவு வெள்ளைக் கப்பல். அங்கே இருக்கிற பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். நல்ல பல் வரிசை, மேலே இடது பக்கம் ஒன்று மட்டும் பொய்ப் பல், நன்றாகச் செய்திருக்கிறார்கள். அந்த மட்டில் மரியாதை வந்தது.

"ஏறுமா இறங்குமா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது மேடம். ஏறவும் ஏறும், இறங்கவும் இறங்கும்."

இதைச் சொல்ல ஒரு ஆபீஸ், ஒரு ஏ.சி., கழுத்தில் ஒரு அடையாள அட்டை.

வீட்டுக்கு வந்து இவரிடம் அந்தப் பெண் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினேன். நன்றாக வந்தது. சிரித்தார்கூட. பிறகு அந்த டிராவல்ஸ், அதன் முதலாளி, பிறகு அத்தான், பிறகு எதிர் வீட்டுக்காரர் மாடிப்படி ஏற வாங்கிய நாற்காலி வண்டி என்று போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. பின் அறையில் சாலிடரிங் வாடை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மகள் போன் செய்தாள். "ஏம்மா, ஒரு நாள் பாத்துப் போட்டுட வேண்டியதுதானே. இதுக்கு எத்தனை மாசம்?"

"உங்க பெரியப்பாகிட்ட கேளு. உங்கப்பாகிட்டயும் கேளு. ஒருத்தர் வாயத் தொறந்தா மூட மாட்டார், ஒருத்தர் மூடினா தொறக்க மாட்டார். நடுவுல நான்."

மகள் சிரித்தாள். பிறகு அவள் அப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னேன். ரேடியோக்களைப் பற்றி, ஒரு ரேடியோவாவது பாடியதா என்று. அவளும் நானும் சிரித்துக்கொண்டிருந்தபோது இவர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

மார்ச் 1, சனி

அக்கா வந்தாள். தனியாக. டீ போட்டேன். அவள் கொண்டுவந்த ரவிக்கைகளுக்கு ஹூக் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப்பலுக்காம். போகாத கப்பலுக்குப் புது ரவிக்கை.

அத்தானைப் பற்றி ஆரம்பித்தேன். அடுத்த வருஷக் கப்பல் இன்னும் மலிவு, அதற்கடுத்த வருஷம் அதைவிட மலிவு, கடைசியில் நாம் நாலு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு இலவசமாகவே கூட்டிப் போவான், அத்தானுக்குப் பரம திருப்தியாக இருக்கும் என்று சொன்னேன்.

"போதும் நிறுத்துடி."

அக்கா என்னை அப்படிச் சொன்னதே கிடையாது. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் ஜனவரிலயே போட்டிருப்பார். ரூம்கூடப் பாத்து வெச்சிருந்தார். உன் வீட்டுக்காரர்தான் வந்து கெஞ்சினார்."

"என்னன்னு?"

"எப்படியாவது தள்ளிப் போடுங்கண்ணேன்னு. விலை இறங்கும்னு சொல்லுங்க, நீங்க சொன்னா நம்புவான்னு. இந்த மனுஷனும் ரெண்டு மாசமா உன் வாயில விழுந்து எழுந்துக்கிட்டு இருக்கார். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாரா?"

"இவர் ஏன் தள்ளிப் போடணும்?"

"அவரையே கேளு."

"நீ சொல்லு."

அக்கா ரவிக்கையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். "ஒரு வாரம் உன்கூட ஒரே ரூம்ல இருக்க அவரால முடியாதாம். போதுமா?"

சொன்ன உடனே அவளுக்கே அழுகை வந்துவிட்டது. நான் அவளுக்கு இன்னொரு டீ ஊற்றினேன். ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தாள் பாவம். பஸ் ஏற்றிவிட்டு வந்து டம்ளரைக் கழுவினேன்.

மார்ச் 2, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 3, திங்கள்

இருக்கு. எழுதத்தான் போறேன்.

சொல்லத் துப்பில்லாத மனுஷன். பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. "எனக்கு வேண்டாம், நீ போ" — நாலு வார்த்தை. அதுக்கு வாய் வரல. அக்கா புருஷன்கிட்டப் போய்க் கெஞ்ச மட்டும் வருது. இந்த வீட்ல யாரு கட்டிப்போட்டு வெச்சிருக்கா இவரை? அடிச்சேனா, பட்டினி போட்டேனா? துணி துவைக்கலையா, ஜுரத்துல விழுந்தப்போ விட்டுட்டுப் போனேனா? வாய்தான். என் வாய். அது கல்யாணத்தன்னிக்கே இருந்துச்சே, அன்னிக்குச் சிரிச்சாரே. புதுசா முளைச்சுதா?

அத்தானுக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியும். எல்லாரும் கூடிக் கூடி என்னைப் பத்திப் பேசியிருக்காங்க. நான் மட்டும் தினம் காலைல எழுந்து விலை பாத்துட்டு இருந்தேன், முட்டாள் மாதிரி.

மார்ச் 5, புதன்

இன்று ஒன்று செய்து பார்த்தேன். சாப்பிடும்போது பேசவில்லை. கோபத்தில் அல்ல. சும்மா, பார்க்கலாம் என்று.

சொல்வதற்கு நிறைய இருந்தது. லேப் முதலாளி எனக்குப் பிரிவுப் பரிசாகப் பல் துலக்கும் மெஷின் வாங்கி வைத்திருக்கிறான் — கூட வேலை பார்க்கிற, பீங்கான் பல் போடுகிறவர் ரகசியமாகக் காட்டினார். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

இவர் எழுந்து போகவில்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம். தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷமா இந்த மனுஷனுக்குப் பசி கம்மின்னு நெனச்சிட்டு இருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பின் அறைக்குப் போனேன். நான் அங்கே போவதில்லை. உட்கார இடமில்லை, ஒரு ஸ்டூல், அதில் ஒரு ரேடியோ. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா சொல்லிட்டா" என்றேன்.

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை வைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா நீ அதையும் நடிச்சுக் காட்டியிருப்ப."

வாய் அடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். எனக்கு. வாய்.

அவரே மேலே பேசினார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அல்லது நான் விட்டதில்லை.

"நீ பேசறது எனக்குப் பிடிக்காதுன்னு இல்ல. சிரிப்பு வரும். நல்லாவே வரும். ஆனா கொஞ்ச நேரத்துக்கு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து விழுவாங்க. அண்ணன், எதிர் வீட்டுக்காரர், டிவில நியூஸ் வாசிக்கறவன். கேட்டுட்டே இருக்கும்போது தோணும், நான் இங்க இல்லாதப்போ இதே மாதிரி நானும் விழுவேன்ல? வீட்லன்னா எந்திரிச்சு வந்துடலாம். கப்பல்ல எங்க போறது?"

"கடல்ல குதிச்சிடலாமே."

"அதையும் யோசிச்சேன். நீச்சல் தெரியாது."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். இவ்வளவு நல்ல பதிலை இந்த மனிதர் எங்கே வைத்திருந்தார்?

"உங்களைப் பத்தி நான் யார்கிட்டயும் —" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. போன மாதம் தண்ணீர் பாட்டிலோடு போனவர் அவர்தானே.

ஸ்டூலிலிருந்து எழுந்தேன். ரேடியோவை எடுத்து மறுபடி அதன் மேல் வைத்தேன். "தலைகீழா வெச்சிருக்க" என்றார்.

மார்ச் 17, திங்கள்

அத்தானுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "இன்னிக்குப் பாக்க வேண்டாம்மா, திங்கக்கிழமை —" என்று அவர் பாட்டை ஆரம்பித்தார். பாவம், இன்னும் வேஷத்தைக் கலைக்கவில்லை. அக்கா அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அத்தான், நீங்க ஜனவரில பாத்து வெச்ச ரூம் எது?"

அந்தப் பக்கம் டேப்லட்டை மேஜையில் வைக்கிற சத்தம். பிறகு மெதுவாக, "ஏழாவது தளம். கப்பலோட பின்பக்கம். தண்ணியக் கிழிச்சுட்டு வருமில்ல, அந்தக் கோடு ரூம்லேர்ந்தே தெரியுமாம்" என்றார்.

அதைச் சொன்ன குரலைக் கேட்டால் அத்தான் விலைக்காகக் காத்திருந்தவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். நான் நம்பினேன். இரண்டு மாதம்.

"அது இருக்கான்னு கேக்கறேன்" என்றேன்.

"சகலை என்ன சொன்னார்?"

"நீச்சல் தெரியாதுன்னு சொன்னார்."

அவருக்குப் புரிந்திருக்காது. "அதுக்கு ஜாக்கெட் தருவாங்கம்மா" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

டிராவல்ஸ். அதே பெண். நாங்கள் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் விலை உச்சம். அந்தப் பெண்ணே, "வாரக் கடைசி வரைக்கும் வெயிட் பண்ணிப் பாருங்களேன் மேடம், இறங்கலாம்" என்றாள். இவ்வளவு நாள் கழித்து இவளுக்கு அருள்வாக்கு வருகிறது.

"இறங்க வேண்டாம். இன்னிக்கே போடுங்க."

ஏழாவது தளத்தில் பின்பக்கம் ஒன்று இருந்தது. அது அக்காவுக்கும் அத்தானுக்கும். பிறகு பால்கனி வைத்தது இரண்டு.

"ரெண்டா? நீங்களும் சாரும்தானே. ஒருத்தர் தனியா இருந்தாலும் ரெண்டு பேர் கட்டணம் கட்டணும் மேடம். வீணாப் போகும்."

கம்பெனியின் நியாயத்தைப் பாருங்கள். ஒரு ஆள் படுத்தாலும் கட்டில் இரண்டு ஆளாக எண்ணிக்கொள்கிறது. சொல்ல நினைத்தேன். அந்தப் பெண் என்ன செய்வாள், அவளா கப்பல் கட்டினாள்.

"அவருக்கு என் சத்தம் ஆகாது" என்றேன்.

"குறட்டையா மேடம்? எங்க அம்மாவும்தான்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 19, புதன்

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். "டிக்கெட் போட்டாச்சு. உங்களுக்குத் தனி ரூம். சாவி தனி. நான் வந்து தட்ட மாட்டேன்."

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "கோவமா?"

"இல்ல."

"தண்டச் செலவுதானே."

"லேப்ல கடைசியா கொடுக்கற பணத்துல போறது. அவங்க பரிசாத் தரப்போற பல் தேய்க்கற மெஷினை விட இது உருப்படி."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "பக்கத்து ரூமா?"

"எதிர் வரிசை. பக்கத்துல காலி இல்ல."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வை நேற்றிலிருந்து — இல்லை, சாப்பிட்டதிலிருந்து — புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். நிம்மதியில் சேர்ப்பதா, வேறெதிலாவது சேர்ப்பதா, தெரியவில்லை.

மகளிடம் சொன்னதற்கு, "அம்மா, நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறீங்களா?" என்கிறாள். கப்பலில் ஏறிப் போய்ப் பிரிகிற அளவுக்கு எங்களுக்கு வசதி கிடையாது என்றேன்.

மார்ச் 31, திங்கள்

லேபில் கடைசி நாள். மெஷினைக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். முதலாளி பேசும்போது என் பெயருக்கு முன்னால் "பல்லாண்டு காலம் பல்லோடு வாழ்ந்த" என்றான். அதற்கும் கைதட்டினார்கள். படியேறி வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது.

ஏப்ரல் 16, புதன்

அத்தான் போன். விலை விழுந்துவிட்டதாம். நாம் கட்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான் இப்போது. குரலில் துள்ளல் அடங்கவில்லை. வேஷத்துக்குச் சொன்னது நிஜமாகப் போனதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன்ல, கடைசில தள்ளிவிடுவான்னு. சொன்னேனா இல்லையா?"

எனக்கு உள்ளே நான்கைந்து வாக்கியம் வரிசை கட்டி நின்றது. ஒவ்வொன்றும் முத்து. "ஆமா அத்தான், சொன்னீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் துள்ளல் நின்றுவிட்டது. பிறகு, "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

மே 11, ஞாயிறு

கப்பல்.

வெளியிலிருந்து பார்த்தால் கப்பல் மாதிரியே இல்லை. ஒரு குடியிருப்புக் கட்டடத்தைப் படுக்க வைத்து வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது. ஏறுவதற்கு வரிசை, பெட்டிக்கு வரிசை, போட்டோவுக்கு வரிசை. வேண்டாம் என்றாலும் போட்டோ எடுக்கிறான், பிறகு அதை நமக்கே விற்கிறான். ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டி எல்லோரையும் நிற்க வைத்தார்கள். அத்தான் எல்லோருக்கும் முன்னாலேயே மாட்டிக்கொண்டு அதைக் கழற்ற மறுத்தார். அக்கா புது ரவிக்கை.

இவர் தன் பெட்டியை உருட்டிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனார். கதவைத் திறக்கும் முன் திரும்பிப் பார்த்தார். நான் என் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், சாவி அட்டையைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். வந்து திருப்பிச் செருகிவிட்டுப் போனார்.

பால்கனியில் உட்கார்ந்தேன். கரை போனது. பிறகு எதுவுமே இல்லை. டாக்டர் சொன்ன தூரம் இதுதான். கண்ணுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று.

மே 12, திங்கள்

சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர். பெரிய வைக்கோல் தொப்பி, அதற்குள் கூடு கட்டியதுபோல ஒரு முகம். மேல் பல் செட் அரை சுற்றுப் பெரிது, யாரோ வேறு ஆளுக்குச் செய்ததை இவருக்கு மாட்டியிருக்கிறார்கள். வாழைப்பழத்தைக்கூட யோசித்து யோசித்துக் கடிக்கிறார். இருந்தும் மேஜையில் இருந்த எல்லோருக்கும் உடற்பயிற்சி பற்றி வகுப்பு.

பக்கத்தில் திரும்பினேன். அக்கா தயிர் எடுக்கப் போயிருந்தாள். இவர் வேறு மேஜையில், அத்தானோடு. அத்தான் நாளைய விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார். அடுத்த வருஷக் கப்பலுக்கு.

அறைக்கு வந்து தனியாக ஒரு முறை அந்தத் தொப்பிக்காரர் மாதிரி பழம் கடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால். நன்றாகத்தான் வந்தது. யாருமில்லாமல் அதில் என்ன இருக்கிறது.

மே 13, செவ்வாய்

கடல். நேற்றைப் போலவே.

மே 14, புதன்

காலையில் கதவு தட்டும் சத்தம். சுத்தம் செய்கிற பையன் என்று நினைத்து, "அப்புறம் வாப்பா" என்றேன்.

"நான்தான்."

திறந்தேன். இரண்டு கையிலும் காபி. ஒரு கோப்பை தட்டில் பாதி சிந்தியிருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி நின்றார். கட்டிய மனைவியின் அறை வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு.

பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறான் கம்பெனிக்காரன். இரண்டு ஆள் காசு வாங்கியதற்கு அதையாவது செய்தானே. உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தோம். பேசக் கூடாது என்றே இருந்தேன்.

அவர்தான் ஆரம்பித்தார்.

"அந்தத் தொப்பிக்காரரைப் பாத்தியா?"

"எந்தத் தொப்பிக்காரர்?" என்றேன்.

"வாழைப்பழம் சாப்பிடறாரே. ரெண்டு நாளா பாக்கறேன். நீ பாத்தா என்ன சொல்லுவன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன், எனக்கு ஒண்ணும் சரியா வரல." காபியைக் கீழே வைத்தார். நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சொல்லு."

ஆறு வாக்கியம் வைத்திருந்தேன். ஒன்றுதான் சொன்னேன்.